பப்பாளி மரமும் குட்டிக் குளவியும்

உங்கள் வீட்டுக் கொல்லையில் என்ன இருக்கிறது? ஒரு முருங்கை இருக்கலாம். ஒரு தென்னை இருக்கலாம். குளிக்கும் தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு வாழை இருக்கலாம். சுவர் ஓரமாக ஒரு பப்பாளி இருக்கலாம். கொல்லை இல்லாதவர்கள் பழைய வாளியில் கீரை போட்டிருப்பீர்கள்.

இந்தச் செடிகளில் பூச்சி வந்தால் என்ன செய்வது? மருந்து அடிக்கலாமா? இது எல்லாரும் கேட்கும் கேள்வி. இந்தப் பாடத்தில் அதைப் பற்றிப் படிப்போம். நம் நாட்டில் உண்மையாக நடந்த ஒரு செய்தியையும் படிப்போம்.

கொல்லைச் செடி ஏன் முக்கியம்?

பப்பாளி நட்ட ஒன்பது, பத்து மாதத்தில் பழம் தரும். பெரிய செலவு இல்லை. பழுத்த பப்பாளியில் கண்ணுக்கு நல்லது செய்யும் வைட்டமின் ஏ சத்து கிடைக்கிறது. வைட்டமின் சி சத்தும் இருக்கிறது. கீரையில் இரும்புச்சத்து இருக்கிறது. அந்த இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள வைட்டமின் சி உதவுகிறது. அதனால் கீரை சாப்பிடும் நாளில் பப்பாளி, கொய்யா, நெல்லிக்காய், எலுமிச்சை இவற்றில் ஒன்றும் சேர்ந்தால் நல்லது.

நம் நாட்டில் 2019 முதல் 2021 வரை தேசியக் குடும்பநல ஆய்வு நடந்தது. 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100 பேரில் 57 பேருக்கு இரத்தசோகை இருப்பதாக அதில் தெரிந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100 பேரில் 67 பேருக்கு இரத்தசோகை இருந்தது.

தோட்டம் மட்டும் இதைத் தீர்த்துவிடாது. சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். ஆனால் கொல்லையில் பறிக்கும் கீரையும் பழமும் தினமும் தட்டில் விழும். அதற்குக் கடைக்குப் போக வேண்டாம். கையில் காசு இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். ஆகவே கொல்லையில் ஒரு மரம் கெட்டுப்போனால் அது சின்ன நட்டம் அல்ல.

2008-இல் வந்த வெள்ளைப் பூச்சி

2008-ஆம் ஆண்டு. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பப்பாளி மரங்களில் ஒரு புதிய பூச்சி தெரிந்தது. இலை, தண்டு, காய் எல்லாவற்றிலும் வெள்ளை மாவு தூவியது போல அப்பிக்கொண்டது. இலை சுருண்டது. காய் வெம்பியது. மரமே பட்டுப்போனது. அதற்குப் பப்பாளி மாவுப்பூச்சி என்று பெயர்.

இந்தப் பூச்சி நம் ஊர்ப் பூச்சி அல்ல. இதன் பிறந்த இடம் மெக்சிகோ நாடும் அதைச் சுற்றிய பகுதிகளும். அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவியது. நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

வந்த பூச்சி பப்பாளியோடு நிற்கவில்லை. மல்பெரிக்குப் போனது. மரவள்ளிக்குப் போனது. பருத்திக்கும் செம்பருத்திக்கும் போனது. தமிழ்நாட்டிலிருந்து கேரளம், கர்நாடகம், மகாராஷ்டிரம் என்று பல மாநிலங்களில் காணப்பட்டது.

உழவர்கள் மருந்து அடித்தார்கள். ஒரு தடவை அடித்தார்கள். மறு தடவை அடித்தார்கள். இரண்டு மருந்தைக் கலந்தும் அடித்தார்கள். பூச்சி கொஞ்சம் குறைந்தது போலத் தெரிந்தது. சில நாளில் மறுபடி பெருகியது.

பட்டுப்புழு வளர்ப்பவர்கள் பாடு இன்னும் கஷ்டம். பட்டுப்புழு தின்பது மல்பெரி இலை. அந்த இலையில் விஷம் அடித்தால் மாவுப்பூச்சியோடு பட்டுப்புழுவும் செத்துப்போகும்.

மருந்துக்கு ஏன் அடங்கவில்லை?

இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

ஒன்று: மாவுப்பூச்சியின் உடம்பில் இருக்கும் வெள்ளை மாவு ஒருவகை மெழுகு. சேப்பிலையில் தண்ணீர் ஒட்டாது அல்லவா? அதுபோல இந்த மெழுகிலும் மருந்துத் தண்ணீர் ஒட்டுவதில்லை. வழிந்து போய்விடும்.

இரண்டு: தாய்ப்பூச்சி ஒரு பஞ்சுப்பை செய்து அதற்குள் நூற்றுக்கணக்கில் முட்டை இடும். பைக்குள் மருந்து போகாது. தாய் செத்தாலும் குஞ்சு பொரிக்கும்.

மூன்று: மாவுப்பூச்சியைத் தின்னும் நல்ல பூச்சிகளும் தோட்டத்தில் உண்டு. அவற்றில் பலவற்றுக்கு மெழுகுச் சட்டை கிடையாது. மருந்து பட்டதும் அவைதாம் முதலில் சாகும். காவல்காரன் செத்தால் திருடனுக்குக் கொண்டாட்டம்தானே?

விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்?

விஞ்ஞானிகள் ஒரு கேள்வி கேட்டார்கள். "மெக்சிகோவிலும் இந்தப் பூச்சி இருக்கிறது. அங்கே ஏன் இப்படி அழிவு செய்யவில்லை?"

பதில் கிடைத்தது. அங்கே இதற்கு ஓர் எதிரி இருக்கிறது. அது ஒரு குட்டிக் குளவி. எள்ளை விடச் சிறியது. அதன் பெயர் அசெரோபேகஸ் பப்பாயே. அது மனிதரைக் கொட்டாது. பயிரைத் தின்னாது. பெண் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு உள்ளே இருந்தே மாவுப்பூச்சியைத் தின்று வளரும். மாவுப்பூச்சி செத்து, காய்ந்த கூடு போல ஆகும். புழு குளவியாக மாறிக் கூட்டில் ஓட்டை போட்டு வெளியே வரும். வந்ததும் அடுத்த மாவுப்பூச்சியைத் தேடிப் போகும்.

மாவுப்பூச்சி நம் நாட்டுக்கு வந்தது. அதன் எதிரி வரவில்லை. அதனால்தான் அது அளவில்லாமல் பெருகியது.

பெங்களூரில் வேளாண் பூச்சிகளுக்கான தேசிய ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அந்த நிறுவனம் 2010-இல் அமெரிக்க அரசின் வேளாண் துறை உதவியோடு மூன்று வகைக் குளவிகளைக் கொண்டு வந்தது. அவை போர்ட்டோ ரிக்கோ என்னும் தீவிலிருந்து வந்தன. வந்தவுடன் வெளியே விட்டுவிடவில்லை. பூட்டிய ஆய்வறையில் வைத்துச் சோதித்தார்கள். நம் நாட்டு நல்ல பூச்சிகளுக்கு இவற்றால் கெடுதல் வருமா என்று பார்த்தார்கள். கெடுதல் இல்லை என்று தெரிந்த பிறகே 2010 அக்டோபரில் தமிழ்நாட்டு வயல்களில் விட்டார்கள்.

குளவியைப் பெருக்கவும் ஓர் எளிய வழி கண்டார்கள். உருளைக்கிழங்கை முளைக்க வைத்தார்கள். முளையில் மாவுப்பூச்சியை வளர்த்தார்கள். அந்த மாவுப்பூச்சியில் குளவியை வளர்த்தார்கள். வளர்ந்த குளவியைத் தோட்டங்களில் விட்டார்கள்.

சில மாதங்களில் மாவுப்பூச்சி குறைந்தது. மல்பெரி மறுபடி துளிர்த்தது. பப்பாளி மறுபடி காய்த்தது. மூன்று வகைக் குளவிகளில் அசெரோபேகஸ்தான் நன்றாக நிலைத்தது.

அதே பாடம், இன்னொரு முறை

2020-இல் கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் மரவள்ளியில் இன்னொரு புதிய மாவுப்பூச்சி தெரிந்தது. தமிழ்நாட்டிலும் மரவள்ளி வயல்களுக்குப் பரவியது. இந்தப் பூச்சி தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 1970-களில் ஆப்பிரிக்காவுக்குப் போய் மரவள்ளியை அழித்தது. அங்கே மரவள்ளிதான் பல கோடி மக்களுக்குச் சோறு போன்றது. அங்கும் ஒரு குட்டிக் குளவியைக் கொண்டு வந்துதான் அதை அடக்கினார்கள். அந்த வேலையை நடத்திய ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானிக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அதே குளவியை நம் விஞ்ஞானிகள் ஆப்பிரிக்காவில் உள்ள பெனின் நாட்டிலிருந்து வாங்கி வந்தார்கள். 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் விட்டார்கள்.

மாமியாரும் மருமகளும்

ஒரு வீட்டில் நடக்கும் பேச்சைப் படியுங்கள்.

மருமகள்: அத்தை, பப்பாளி இலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது. பருத்திக்கு வாங்கிய மருந்து மிச்சம் இருக்கிறதே, அதை அடித்துவிடட்டுமா?

மாமியார்: வேண்டாம்மா. அந்த மரத்துக்குக் கீழேதானே கீரை போட்டிருக்கிறோம்? சாயங்காலம் அதைத்தான் பிள்ளைக்குக் கடைந்து போடப் போகிறாய்.

மருமகள்: அடித்தால் தண்ணீரில் கழுவிக்கொள்ளலாமே, அத்தை?

மாமியார்: எல்லா மருந்தும் கழுவினால் போகாதாம். சில மருந்து செடிக்கு உள்ளேயே இறங்கிவிடுமாம். பருத்தியை யாரும் தின்பதில்லை. கீரையைத் தின்கிறோமே!

மருமகள்: அப்படியானால் பூச்சியை என்னதான் செய்வது?

மாமியார்: முதலில் பார்ப்போம், வா. எவ்வளவு பூச்சி இருக்கிறது? எறும்பு ஏறுகிறதா? பார்த்துவிட்டுச் செய்வோம்.

மாமியார் சொன்னது சரிதான். ஒரு பயிருக்கு வாங்கிய மருந்தை இன்னொரு பயிருக்கு அடிக்கக் கூடாது. மருந்து அடித்தால் எத்தனை நாள் கழித்துப் பறிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. கொல்லையில் நாம் தினமும் பறிக்கிறோம். அந்தக் கணக்கைக் காப்பாற்ற முடியாது.

கேள்வியும் பதிலும்

கேள்வி: மாவுப்பூச்சி கொஞ்சமாக இருந்தால் என்ன செய்யலாம்?

பதில்: நிறையப் பூச்சி பிடித்த இலையை மட்டும் கிள்ளி எரித்துவிடுங்கள். மற்ற இலைகளில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். பூச்சி உதிரும். வேப்பங்கொட்டைக் கரைசலும் தெளிக்கலாம். 1 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பு வேண்டும். பருப்பை இடித்துத் துணியில் முடிந்து கொஞ்சம் தண்ணீரில் ஓர் இரவு ஊற வையுங்கள். காலையில் பிழிந்து வடிகட்டுங்கள். மீதித் தண்ணீரைச் சேருங்கள். இலையில் ஒட்டுவதற்காகக் கொஞ்சம் சோப்புக் கரைசல் விடுங்கள். முதலில் ஓர் இலையில் தெளித்து ஒருநாள் பாருங்கள். இலை கருகவில்லை என்றால் மற்ற இலைகளுக்கு மாலை நேரத்தில் தெளியுங்கள். வெயிலில் தெளிக்க வேண்டாம்.

கேள்வி: பூச்சி இருக்கும் செடியில் எறும்பு ஏன் ஏறுகிறது?

பதில்: மாவுப்பூச்சி செடியின் சாற்றைக் குடித்து இனிப்பான கழிவை விடும். அதை நக்க எறும்பு வரும். இனிப்புக்கு விலையாக எறும்பு மாவுப்பூச்சியைக் காவல் காக்கும். நல்ல பூச்சிகளை விரட்டும். ஆகவே எறும்புக்கு வழி விடாதீர்கள். சுவரையும் மற்ற மரத்தையும் தொடும் கிளையை வெட்டுங்கள். மரத்தடியில் களை எடுங்கள். பார்த்தீனியச் செடியிலும் இந்தப் பூச்சி வாழும். அதை வேரோடு பிடுங்குங்கள். கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அரிக்கும்.

கேள்வி: வெள்ளையாக இருப்பதெல்லாம் மாவுப்பூச்சியா?

பதில்: இல்லை. ஒருவகைப் பொறிவண்டின் புழுவும் வெள்ளை நூல் நூலாக இருக்கும். அது மாவுப்பூச்சியைத் தின்னும் நண்பன். இந்தப் பொறிவண்டை 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். எப்படி அடையாளம் காண்பது? குச்சியால் மெதுவாகத் தொடுங்கள். மாவுப்பூச்சி பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். பொறிவண்டுப் புழு பெரியது, சுறுசுறுப்பாக ஓடும். அதைக் கொல்லாதீர்கள்.

கேள்வி: தென்னை ஓலைக்கு அடியில் வெள்ளைச் சுருள் தெரிகிறது. மேலே கரி பூசியது போல இருக்கிறது. மரம் செத்துவிடுமா?

பதில்: பயப்பட வேண்டாம். அது சுருள் வெள்ளை ஈ. 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் நம் நாட்டில் முதலில் தெரிந்தது. இதுவும் வெளிநாட்டுப் பூச்சிதான். இது விடும் இனிப்புக் கழிவில் கரும்பூசணம் வளர்கிறது. அதனால்தான் ஓலை கறுப்பாகிறது. இந்த ஈயையும் ஒரு குட்டிக் குளவி அடக்குகிறது. அந்தக் குளவி இங்கேயே தானாகப் பெருகி இருக்கிறது. இதற்குப் பூச்சிமருந்து அடிக்க வேண்டாம் என்றே விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அடித்தால் குளவி சாகும். கைக்கு எட்டும் மரம் என்றால் தண்ணீர் பீய்ச்சுங்கள். கறுப்புப் பிடித்த ஓலையில் நீர்த்த கஞ்சித் தண்ணீர் தெளிக்கலாம். காய்ந்ததும் கறுப்பு உரிந்து விழும்.

கேள்வி: நல்ல பூச்சிகள் நம் கொல்லைக்கு வர என்ன செய்யலாம்?

பதில்: குளவிக்குப் பூவின் தேன் உணவு. கொத்தமல்லி, கடுகு, சாமந்தி இவற்றில் கொஞ்சத்தைப் பறிக்காமல் பூக்க விடுங்கள். ஒரே செடியை மட்டும் போடாமல் பலவகைச் செடி போடுங்கள்.

கேள்வி: அந்தக் குளவியை நாமே வெளியூரிலிருந்து கொண்டு வரலாமா?

பதில்: கூடாது. சோதிக்காமல் வரும் பூச்சி நல்லதா கெட்டதா என்று நமக்குத் தெரியாது. பூச்சி பிடித்த கன்றையும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு எடுத்துப் போகக் கூடாது. பூச்சி பரவும் வழிகளில் அதுவும் ஒன்று. புதிய பூச்சியைப் பார்த்தால் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். இந்தியாவில் முதல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் 700-க்கும் மேல் இருக்கின்றன.

படிக்கத் தெரிந்தால் உயிர் பிழைக்கும்

வயலுக்கு மருந்து வாங்கினால் டப்பாவைப் படிக்க வேண்டும். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். இதைப் பாருங்கள்.

டப்பாவின் மேல் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம் இருக்கும்.

சிவப்பு: மிகக் கொடிய விஷம். மண்டை ஓட்டுப் படமும் இருக்கும்.
மஞ்சள்: கடும் விஷம்.
நீலம்: நடுத்தர விஷம்.
பச்சை: குறைந்த விஷம்.

பச்சை என்றாலும் விஷம் விஷம்தான். பச்சை நிறத்தைப் பார்த்து "இது ஒன்றும் செய்யாது" என்று நினைக்கக் கூடாது.

எந்தப் பயிருக்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள் அடிக்க வேண்டும் என்று படியுங்கள். படிக்க முடியாத எழுத்தாக இருந்தால் தெரிந்தவரிடம் கேளுங்கள். மருந்தைச் சாராய பாட்டிலிலும் எண்ணெய் பாட்டிலிலும் மாற்றி வைக்காதீர்கள். வீட்டில் யாராவது எடுத்துக் குடித்துவிடலாம். காலி டப்பாவில் தண்ணீரோ அரிசியோ வைக்காதீர்கள்.

யாராவது மருந்தைக் குடித்துவிட்டாலோ, மேலே கொட்டிக்கொண்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மேலே கொட்டியிருந்தால் துணியைக் கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். என்ன விஷம் என்று டாக்டர் அதைப் படித்துத் தெரிந்துகொள்வார்.

நினைவில் வையுங்கள்

1. பூச்சியைப் பார்த்ததும் மருந்து டப்பாவைத் தேட வேண்டாம். முதலில் செடியை நன்றாகப் பாருங்கள்.
2. எல்லாப் பூச்சியும் எதிரி அல்ல.
3. எறும்பைத் தடுத்தால் மாவுப்பூச்சியின் காவல் போகும்.
4. நாம் தின்னும் செடியில் வயல் மருந்தை அடிக்கக் கூடாது.
5. டப்பாவைப் படிக்காமல் மருந்தைத் தொடக் கூடாது.

செய்து பாருங்கள்

மாவுப்பூச்சி உள்ள ஓர் இலையைக் கண்ணாடிப் புட்டியில் போடுங்கள். நெருக்கமாக நெய்த துணியால் வாயைக் கட்டுங்கள். நிழலில் வையுங்கள். ஒன்றிரண்டு வாரம் தினமும் பாருங்கள். பொடிப்பொடியாகப் பறக்கும் பூச்சி தெரிகிறதா? அதுதான் குட்டிக் குளவியாக இருக்கலாம். புட்டியை அதே மரத்தடியில் திறந்து விடுங்கள். உங்கள் மரத்துக்குக் காவல் வந்துவிட்டது. பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

பயிற்சி

1. மாவுப்பூச்சியின் மேல் மருந்து ஏன் ஒட்டுவதில்லை?
2. மல்பெரிக்கு மருந்து அடித்தால் யாருக்கு நட்டம்? ஏன்?
3. 1 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பு. 3 லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு?
4. உங்கள் வீட்டில் உள்ள மருந்து டப்பாவில் என்ன நிறம் இருக்கிறது? பார்த்து எழுதுங்கள்.
5. உங்கள் ஊர்ச் செடிகளில் ஒரு புதிய பூச்சி வந்திருக்கிறது. வந்து பார்க்கச் சொல்லி வேளாண் அலுவலருக்கு ஐந்து வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தச் செடி, எப்போது பார்த்தீர்கள், பூச்சி எப்படி இருக்கிறது என்பதை மறக்காமல் எழுதுங்கள். கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.